ஒரு சின்ன ரப்பர் வளையம்

சவூதியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அந்த முறை விடுமுறைக்கு வந்தபோது, லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவுக்கே பேச ஒரு விஷயம் கிடைத்தது: அவர் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. ஐந்து வேளைத் தொழுகையை விடுங்கள், வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கே போகவில்லை. தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னதும் தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். மக்காவும் மதீனாவும் இருக்கிற நாட்டிலிருந்து வந்த மனுஷன்!

மாமனாருக்கு அவமானம் தாங்கவில்லை. மகனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம்தான் சொல்வார். "தொரைகிட்டச் சொல்லும்மா, கறி வாங்கியாரணுமாம்." மகனும் பதிலை என்னிடமே சொல்வார். இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் நான் தபால்காரி. அவர் மறுபடி விமானம் ஏறுகிற நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. அவருடைய அத்தா, அதாவது என் மாமா, மகனுக்காக துஆ கேட்டு வாழ்த்தி அனுப்புவாரா, முகத்தைத் திருப்பிக்கொள்வாரா? மாமாவுக்கும் வயதாகிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு யார் இருப்பார்கள் என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. அவர் கைலியை அவரே துவைத்துக்கொண்டார். "பொண்டாட்டிக்கு வேல வைக்காத புள்ள" என்று மாமியார் பூரித்துப்போனார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு நாள் அவர் கடைக்குப் போன நேரத்தில், வாளியில் ஊறிக்கொண்டிருந்த கைலியைக் கசக்கிப் போடலாமென்று கையை விட்டேன். தண்ணீர் சிவப்பாக இருந்தது.

அவர் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மூலம். நாள் முழுக்க வெயிலில் சீட்டிலேயே உட்கார்ந்து, சரியாகத் தண்ணீர் குடிக்காமல் வந்ததாம். தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவிச் சுத்தமாவதுதான் ஒளு. ரத்தம் வந்தால் ஒளு முறிந்துவிடும்.

"ஒளு செஞ்சிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள ரத்தம் வந்துடுது. இந்த ஒடம்போட அல்லா முன்னாடி எப்படி நிப்பேன்? பள்ளிவாசல் பாயில கறை பட்டுட்டா?"

"ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். தொழுகையை மதிக்காதவர் என்று ஊரே பேசியது. அதை மதித்ததால்தான் மனுஷன் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க ஆறவில்லை.

ஆஸ்பத்திரி என்றதும் மிரண்டார். சவூதியில் அவருடன் தங்கியிருந்த ஒருவர் மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வெகுநாள் உட்கார முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறார். விடவில்லை நான். ஜவுளி எடுக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அறுக்கப் போறதில்லைங்க. உள்ள வீங்கியிருக்கிற எடத்துல ஒரு சின்ன ரப்பர் வளையத்த மாட்டி விட்டுடுவேன். ரத்த ஓட்டம் நின்னு, அது தானா சுருங்கி விழுந்துடும். மயக்க ஊசிகூட வேணாம்."

அலறல் கேட்குமென்று வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓதத் தொடங்கியதை ஓதி முடிக்கவில்லை, அவரே நடந்து வந்து நின்றார். கொஞ்சம் கனமாக இருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். இதற்கா இத்தனை நாள் குற்றவாளி மாதிரி ஒளிந்தார் என்று எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் நிம்மதி. டாக்டர் முன்பே சொன்னபடி சில நாள் கழித்துக் கொஞ்சம் ரத்தம் பட்டது. அப்புறம் நின்றுவிட்டது. கீரையும் பழமுமாகப் போட்டு, தண்ணீர் குடிங்க தண்ணீர் குடிங்க என்று அவர் உயிரை எடுத்தேன்.

அடுத்த ஜும்மாவுக்குப் போனார். திரும்பி வந்ததும் மாமா என்னைப் பார்த்து, "தொரைக்கு இன்னிக்கித்தான் அல்லா நெனப்பு வந்துச்சான்னு கேளும்மா" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நான் ஏன் கேக்கணும்? நீங்க ஒரு நாளாச்சும் ஒடம்புக்கு என்னன்னு கேட்டீங்களா மாமா?" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமா நேராக மகனைப் பார்த்தார்.

"ரத்தம் நிக்காதவன் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சிட்டுத் தொழுதுக்கலாமேடா. மார்க்கத்துல எடமிருக்கு. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"இத எப்படி அத்தா வாய்விட்டுக் கேக்குறது?"

"ஆமா," என்றார் மாமா. தலை குனிந்திருந்தது. "நானே ரொம்ப நாளு கூச்சப்பட்டுக்கிட்டுக் கெடந்துதான் கேட்டேன்."

அவர் என்ன சொல்கிறார் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மாமியார்கூட நிமிர்ந்து பார்த்தார், அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்துபோய் அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தன வருஷமா அத்தா?"

மாமா மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பயணம் போறதுக்குள்ள அந்த டாக்டர்கிட்ட என்னையும் கூட்டிட்டுப் போயிடுடா."