ஜேடர்பாளையத்தில் கை தூக்காமல் வந்த பதில்

சேலம் அம்மாபேட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறேன். வகுப்புகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கலாமா என்று எங்கள் நிர்வாகம் என்னிடம் கருத்துக் கேட்டது. விற்க வந்தவர் காட்டிய படத்தை மட்டும் நம்பிச் சொல்ல மனம் வரவில்லை. ஜேடர்பாளையம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் என் கல்லூரித் தோழி கலைச்செல்வி அந்த போர்டில்தான் பாடம் நடத்துகிறாள். ஜனவரியில் ஒரு நாள் விடுப்புப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

காலை ஆறரைக்குக் கரூர் பஸ். "வேலூர்ல எறங்கி மாறிக்குங்க" என்றார் நடத்துநர். நான் புரியாமல் விழித்ததைப் பார்த்து, "பரமத்தி வேலூருங்க. கோட்டை இருக்கற வேலூருக்கு இந்த டிக்கெட் பத்தாதுங்க" என்று சிரித்தார். சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர், எண்பது ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ். வழி நெடுக வாழைத்தோட்டம்.

எட்டாம் வகுப்பு. அன்றைய பாடம் திரவ அழுத்தம். போர்டில் ஓடிய அணைக்கட்டு வீடியோவைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். எனக்கோ பரம திருப்தி. முடிந்ததும், "என்ன புரிஞ்சுது?" என்று கேட்டாள் கலைச்செல்வி. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பையன், "மியூசிக் சூப்பருங்க மிஸ்!" என்றான்.

"நானும் மொதல்ல இப்படித்தான் ஏமாந்தேன். இனிமே பாரு" என்று என் காதில் சொன்னாள் அவள்.

மேசையில் ஒரு பெரிய பாட்டிலை வைத்தாள். மேலிருந்து கீழாக மூன்று ஓட்டைகள், மூன்றின் மேலும் டேப். எந்த ஓட்டையில் தண்ணீர் வேகமாக வரும்? பதில் எழுத, போர்டோடு இணைத்த டேப்லெட் கைமாறிப் போனது. போர்டில் பதில் தெரியும், எழுதியவர் பெயர் தெரியாது. வரிசையாக "மேல்", "மேல்" என்றே வந்தது. ஒன்று மட்டும் வேறு: "கீழ். மேல இருக்கற தண்ணி அத்தனையும் அதைத்தானே அமுக்குது?"

வகுப்பே சிரித்தது. "யாருடா அது?" என்று இரண்டு மூன்று குரல்கள். கலைச்செல்வி யாரையும் கேட்கவில்லை. பாட்டிலில் தண்ணீரை ஊற்றினாள். கடைசி வரிசையில் ஒரு பெண் மெல்ல எழுந்தாள்.

"நாந்தானுங்க மிஸ்."

பூர்ணிமா. ஜூனில் சேர்ந்தவள். "உள்ளேன்" என்பதைத் தவிர வகுப்பில் அவள் குரலைக் கேட்டதில்லை என்று கலைச்செல்வி பிறகு சொன்னாள். "நீயே வந்து டேப்பைப் பிரி, சாமி" என்று அவளைச் செல்லமாகக் கூப்பிட்டாள். பூர்ணிமா பிரித்தாள். கீழ் ஓட்டைத் தண்ணீர் மற்ற இரண்டையும் தாண்டிச் சீறி, விருந்தாளியான என் சேலையை நனைத்தது. சிரித்தவர்களே கைதட்டினார்கள்.

மாலையில் காவிரித் தடுப்பணைக்குப் போனோம். பூர்ணிமாவின் அம்மா அங்கே மீன் வறுக்கிறார். தட்டைக் கொண்டுவந்து வைத்த பூர்ணிமா நகரவில்லை. "ஏனுங்க மிஸ், அடியில நீந்தற மீனை அத்தனை தண்ணி அமுக்குமே, அதுக்கு வலிக்காதுங்களா?"

கலைச்செல்வி சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை நாளைக்கு வகுப்புல கேளு" என்றாள்.

ஜேடர்பாளையம் போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், வேலூரில் டவுன் பஸ் அடிக்கடி கிடையாது. ஆற்றில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். ஆசிரியராக இருந்தால், வீடியோவுக்கு முன்னால் கேள்வியைப் போடுங்கள். போர்டு வாங்கலாம், ஆனால் பிள்ளைகள் பதில் எழுதும் வசதியோடு மட்டும் என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கலைச்செல்வி போன் செய்தாள். மீனுக்கு வலிக்குமா என்ற சண்டையில் பீரியட் முழுக்கப் போய்விட்டதாம். போர்டைப் போடவே நேரமில்லையாம்.