பாறைமேல் வைத்த உப்பு

யுத்தத்தின் நடு வருஷங்களில் பாப்பிரெட்டிப்பட்டியில் காலரா வந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் சாவு. கிணறுகளில் மருந்து கொட்டினார்கள். வாரச் சந்தையை நிறுத்தினார்கள். நோயை நான் மறுத்தவன் அல்ல. ஊரில் முதலில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். என் மளிகைக் கடையை மூடச் சொன்ன நாட்களில் மூடினேன். பிற்பாடு என்னைக் காலராவுக்கு வக்காலத்து வாங்கியவன் என்று பேசியவர்கள் உண்டு. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தகராறு ஒரே ஓர் உத்தரவோடுதான். சித்தேரி மலைக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே ஆளும் போகக் கூடாது, சரக்கும் போகக் கூடாது என்றது அது. மலையில் நோய் இல்லை. கீழே வாந்திபேதி என்று கேள்விப்பட்டவுடனே மலைக்காரர்கள் முள்ளை வெட்டிப் போட்டுத் தங்கள் பாதையைத் தாங்களே அடைத்துவிட்டார்கள். அது அவர்கள் வழக்கம். அப்படி அடைக்கும் காலங்களில் அடிவாரத்திலுள்ள தட்டைப் பாறைமேல் புளியும் சாமையும் வைத்துவிட்டு, மேலே மரங்களுக்குள் ஒதுங்கி நின்று குரல் கொடுப்பார்கள். நாங்கள் போய் உப்பை வைத்துவிட்டு அவர்கள் வைத்ததை எடுத்துக்கொண்டு திரும்புவோம். நாங்கள் கண்மறைந்த பிறகுதான் இறங்கி வருவார்கள். ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படாது. அவர்கள் வயிற்றுக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாம் மலையிலேயே விளையும். உப்பு விளையாது.

உத்தரவு வந்ததும் பாறையருகே போலீஸ் நின்றது. நான் வெறுங்கையோடு போய்ப் பார்த்தபோது, மலையூர் ஒன்றின் தலைவரான ஊர்க்கவுண்டர் மேலேயிருந்து கூவினார்.

"ஏனுங்க கடைக்காரரே, உப்பில்லாக் களி உள்ள எறங்க மாட்டேங்குதுங்க! ஊர்க்கவுண்டன்னுகூடப் பாக்காம பொம்பளைங்க கரண்டியத் தூக்கறாங்க!"

சுகாதார இன்ஸ்பெக்டரிடம் மனு கொடுத்தேன். அவர் கெட்டவர் அல்ல. தூங்காமல் கண் சிவந்திருந்தார்.

"மூட்டை போனா கிருமியும் போகுமுங்க" என்றார்.

"உப்புலயுங்களா?"

"உத்தரவுல சரக்குன்னு இருக்குது. உப்பு வேற, புளி வேறன்னு பிரிச்சு எழுதலீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

தாசில்தாருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட்டு, இன்னும் சில கடைக்காரர்களோடு பட்டப்பகலில் உப்பு மூட்டைகளைச் சுமந்து பாறைக்குப் போனேன். இருட்டில் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். யாராவது கேட்க வேண்டும் என்றுதான் பகலில் போனேன். மூட்டைகளை இறக்குவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

"உப்புச் சத்தியாகிரகமுங்களா?" என்றார் ஏட்டு. "அது முடிஞ்சு எத்தன வருசம் ஆச்சு! லேட்டா வந்துட்டீங்களே!"

மற்றவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளோடு ஆள் சேராமல் உப்பு மட்டும் மலையேறுவதைத் தடுப்பது சரியா, தவறா? கோர்ட் இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன்.

யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ்ஸில் தாலுகா கோர்ட்டுக்குப் போய்வந்தேன். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். முதல் வாய்தாவில் மாஜிஸ்திரேட் கேம்ப் போயிருந்தார். அடுத்ததில் சுகாதார இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். பிறகு உத்தரவின் அசல் பிரதியைக் காணவில்லை. அதற்குள் காலராவும் ஓய்ந்து, மலைப் பாதையும் திறந்துவிட்டது.

"கோர்ட்டு வாசல்லயே ஒரு கடையப் போட்டுக்குங்க" என்றாள் என் மனைவி. "அலைச்சலாவது மிச்சம்."

ஒருவழியாக ஊர்க்கவுண்டர் என் தரப்பில் சாட்சிக் கூண்டில் ஏறினார். சர்க்கார் வக்கீல் கேட்டார்: "நோய் பரவாம போலீஸ் தடுத்தது அநியாயம்னு சொல்றியா?"

"தடுக்கறது அநியாயமில்லீங்க. நாங்களே அடைச்சுத்தான வெச்சிருந்தோம். வாந்திபேதி இருக்கற ஊர்லேர்ந்து கெளம்பி வந்து எங்க பாதையில நின்னது உங்க போலீசுங்க. வரக் கூடாதுன்னா அவங்கதான வரக் கூடாது?"

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் குனிந்து எழுதுவதுபோல் இருந்தார். பதில் கிடைத்துவிடும் என்று அன்று நம்பினேன். வாய்தா போட்டார்.

அடுத்த வாய்தாவில் சர்க்கார் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. என் வக்கீல் கையைக் குலுக்கினார்.

"விடுதலைங்க! போய் சக்கரப் பொங்கல் வெச்சுச் சாப்பிடுங்க."

"உத்தரவு சரியா தப்பான்னு சொல்லலீங்களே?"

"அதுதான் காலாவதி ஆயிடுச்சே. இல்லாத உத்தரவப் பத்தி கோர்ட்டு என்னத்தச் சொல்லும்?"

"அது இருந்தப்பவும் சொல்லலீங்களே."

ஜில்லா கோர்ட்டுக்குப் போனேன். விடுதலையானவனுக்குக் குறையேதும் இருக்க முடியாது என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். சென்னைக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று கார்டு வந்தது. அதில் வேறொன்றும் இல்லை.

அடுத்த வருஷம் காலரா மறுபடியும் வந்தது. தாலுகா ஆபீஸ் பலகையில் அதே உத்தரவு. ஆனால் கடைசியில் புதிதாக ஒரு பத்தி இருந்தது. அடிவாரப் பாறையில் பண்டம் மாற்றிக்கொள்ள, பாஸ் பெற்று, அனுமதி உண்டு. அங்கேயே நின்று இரண்டாம் முறை படித்தேன். எந்தக் கோர்ட்டும் சொல்லாததை யாரோ ஒருவர் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. பிறகுதான் கீழ்வரியைப் பார்த்தேன். மலையூர்களின் சார்பில் ஊர்க்கவுண்டர் நேரில் வந்து, சுகாதார அலுவலகத்தில் கைரேகை வைத்துப் பாஸ் பெற வேண்டும். அலுவலகம் எங்கள் ஊரில், சாவு விழுந்துகொண்டிருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தது.

உப்பு மூட்டையோடு அடிவாரத்துக்குப் போய், விஷயத்தை மேல்நோக்கிக் கத்திச் சொன்னேன்.

"பாஸ் வாங்க நான் கீழ எறங்கி வரணுமுங்களா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"ஆமாங்க கவுண்டரே!"

"கீழ வந்தா அப்படியே உப்ப வாங்கிக்கிட்டு வந்துருவனே! பாஸு எதுக்குங்க?"

மரங்களுக்குள் பல பேர் சிரித்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையைப் பாறைமேல் இறக்கினேன். போலீஸ்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"போன தடவ மாதிரி இல்லீங்க. இப்ப அனுமதி இருக்குது. இருக்கற அனுமதிய வாங்காம வெச்சா, அது தனிக் குத்தம்."

என்னை அழைத்துக்கொண்டு நடந்தார். மூட்டையைச் சுமக்க அவருக்கு மனமில்லை; எடுத்துவரப் பிறகு ஆள் அனுப்பினார். அந்த ஆள் போனபோது உப்பு இல்லை. அந்த இடத்தில் ஒரு கூடைப் புளி இருந்திருக்கிறது. போன ஆள் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கோர்ட்டில் சாட்சிப் பொருளாகப் புளியை வைத்தார்கள். குற்றப்பத்திரிகையில் உப்பு என்று இருந்தது. மாஜிஸ்திரேட் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என் கேள்விக்கான பதிலை இன்றாவது கேட்கலாமா என்று வக்கீலின் காதில் சொன்னேன்.

"சும்மா இருங்க. மொதல்ல புளி யாருதுன்னு தெரியட்டும்" என்றார் அவர்.

அதற்காக வாய்தா போட்டார்கள்.