அண்ணன் காத்திருந்த வரிசை

எங்கள் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரில் பெரியவர்கள் யாராவது எழுதட்டும் என்றுதான் முதலில் சொன்னேன். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் அவர்கள் எழுதினால், நல்லவர், பொறுமைசாலி என்று முடித்துவிடுவார்கள். நல்லவர்தான். அதைச் சொல்ல நான் எழுதவில்லை.

அண்ணன் பிறந்தது சேத்தியாத்தோப்பில், அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது வடக்குத்து கிராமத்தில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், பள்ளிக்கூடத்தை விட்டு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார். கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்தும் கரியை அள்ளும் வேலை. சீனியாரிட்டி வரிசையில் பேர் இருக்கிறது, என்றைக்காவது பர்மனென்ட் ஆகும் என்று காத்திருந்தார். அந்த வரிசை நகரவில்லை. அதற்குள் கால் போய்விட்டது. முதலில் பஸ் படி ஏற முடியவில்லை. பிறகு கீழே உட்கார்ந்தால் தொடையில் கை ஊன்றித்தான் எழுந்தார். கெண்டைக்கால் மட்டும் பயில்வானுக்கு இருப்பது போலப் பெருத்திருந்தது. ஷிப்டில் கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் வீட்டுக்கே வந்து அண்ணனிடம் ரத்தம் எடுத்தார். அண்ணன் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பெண் சலிக்காமல் பதில் சொன்னார். நம் உடம்பு எப்படி அமைய வேண்டும் என்பது உள்ளுக்குள் நான்கே எழுத்துகளில் எழுதியிருக்கிறதாம். அதை முழுதாகப் படிக்கப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்தார்களாம். ஒரு தனியார் கம்பெனி தான் படித்ததை விற்கப் பார்த்ததாம். மற்றவர்கள் அன்றாடம் படித்ததை அன்றாடமே உலகத்துக்குத் தெரியும்படி போட்டுவிட்டார்களாம். அதனால்தான் எங்கோ இருக்கிறவரின் நோயை இன்னொரு நாட்டு டாக்டர் அடையாளம் கண்டுகொள்ள முடிகிறதாம்.

“உங்க எழுத்தையும் வரிசைப்படுத்தி, பேர எடுத்துட்டு, எல்லாரும் பாக்குற மாதிரி போடுவோம்ணா” என்றார்.

அண்ணனுக்கு அது பிடித்துப்போனது. யாரோ ஒருத்தருக்கு உதவட்டும் என்று கையை நீட்டினார்.

அந்தப் பெண் கிளம்பும்போது, அம்மா வழியில் ஆண்கள் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, முந்திக்கொண்டார்.

“எங்க வூட்டுல அந்த மாரி யாருக்கும் இல்லமா. எல்லாம் நல்லா ஓடியாடிக்கினுதான் இருந்தாங்க.”

அம்மா தலை குனிந்துகொண்டார்.

அண்ணன் காதில் ‘வரிசை’ மட்டும் வேறு மாதிரி விழுந்திருந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு வரிசை என்றால் காத்திருக்கிற வரிசை ஒன்றுதான். மருந்துக்குத் தன் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெருவெல்லாம் சொன்னார். வேறு டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டால், இங்கே முறை தவறிவிடும் என்று மறுத்தார். கடைசியில் அந்தப் பெண் நலம் விசாரிக்கப் போன் செய்தபோது, தன் முறை எப்போது வரும் என்று கேட்டார். அவர் தயங்கித் தயங்கி, எந்த எழுத்துக்கு அடுத்து எந்த எழுத்து என்று பார்ப்பதைத்தான் வரிசை என்றேன் என்று விளக்கினார்.

அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எழுத்துதான்டா வரிசைல நிக்குதாம். நான் இல்லியாம். பர்மனென்ட் லிஸ்ட்லயும் இல்ல, இதுலயும் இல்ல.”

சிரிக்கத்தான் பார்த்தார். மூச்சு வாங்கியது. கொஞ்ச நாளில் இதயம் நின்றுவிட்டது.

பிணத்தின் மேல் விழுந்து பெரியம்மா ஒப்பாரி வைத்தார். ஒப்பாரியில் வாய்க்குக் காவல் கிடையாது.

“எங்கண்ணன் போன மாரியே போயிட்டியேடா. அவனுக்கும் இப்பிடித்தான காலு உப்பிக்கினு, மூச்சு வாங்கிக்கினு…”

அழுதுகொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, குடித்துச் செத்தார் என்றுதான் இத்தனை காலமும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

காரியம் முடிந்ததும் அம்மாவிடம் கேட்டேன். “அக்கா பையனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருந்தாங்கடா. சொல்லாதன்னு கைய அழுத்துச்சு” என்றார். இது அம்மா வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருகிற நோய், மாமா விஷயம் முன்பே தெரிந்திருந்தால் இதயத்தை அப்போதே பார்த்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு நான் அம்மாவிடம் அதிகம் பேசுவதில்லை. நான் எங்கேயாவது தடுக்கினால் என் காலையே பார்க்கிறார்.

அண்ணனைச் சுமந்த ஷிப்டுத் தோழர்களுக்கு நன்றி. மாமா விஷயத்தைப் போனில் சொன்னபோது, யாரையும் குறை சொல்லாமல், என்னை உடனே வந்து ரத்தம் கொடுக்கச் சொன்ன அந்தப் பெண்ணுக்கும் நன்றி. கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

பெரியம்மா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். உங்கள் பையன் இப்போது கைப்பிடியைப் பிடித்துத்தான் மாடி ஏறுகிறான் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் தன் உடம்பில் இருந்ததை ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் திறந்து கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் உங்கள் பையன் ஒருத்தனுக்காவது சொல்லுங்கள்.