வயிறு மட்டும் சிவந்த நாய்

ஆரணியைத் தாண்டிச் சேத்துப்பட்டு சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு மெத்தை. கத்தரிப்பூ நிறத்தில், ஓரத்தில் ஜரிகை வைத்துத் தைத்த பட்டு மெத்தை. கைக்குழந்தை படுக்கும் அளவுதான் இருக்கும். என்னை வேலையை விட்டு விரட்டிய வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது.

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா அண்ணே, பொண்ணு வூட்டு சீரா? பொண்ண எங்க வுட்டுட்டு வர்ற?"

"நாயோட மெத்தைம்மா."

"நாய்க்கா? நான் கோணில படுத்துகினு கெடக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அரிவாளைத் திரும்ப எடுத்தாள்.

நாய்க்குத்தான். ஆரணியில் பட்டுச்சேலை நெய்ய வைத்து விற்கும் ஒரு முதலாளி வீட்டில் எட்டு மாதம் வாட்ச்மேனாக இருந்தேன். அதற்கு முன் செய்யாறு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. ஒரு நாள் ஷிப்டு பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை. அவ்வளவுதான் அந்த வேலை. எட்டாவது வரை படித்தவனுக்கு ஒரு வேலை போனால் இன்னொன்று அதே மாதிரிதான் கிடைக்கும் என்பதால் நான் எதிலும் ஒட்டிக்கொண்டதில்லை. முதலாளி வீட்டில் கேட்டோடு சேர்த்து ஒரு வெள்ளைப் புல்டாக்கையும் என் பொறுப்பில் விட்டார்கள். முகமெல்லாம் மடிப்பு. பத்தடி நடந்தால் இரைக்கும். வெயிலில் விடக் கூடாது.

அந்த மெத்தை முதலாளியின் பெருமை. உள்ளே சிவப்புச் சாயம் போட்ட கழிவு நூல், மேலே விலைபோகாத சேலைத் துண்டு. "எங்க வூட்ல நாய்கூட பட்டுலதான் படுக்கும்" என்று வருகிற வியாபாரிகளிடமெல்லாம் சொல்வார்.

நான் போன இரண்டாம் மாதம் நாய் சொறிய ஆரம்பித்தது. முன்கால் பாதங்களை நக்கி நக்கி முடி துருப்பிடித்த நிறமானது. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகரும். தறிக்காரர்கள் சொறி என்றார்கள். ஒருவர் மெக்கானிக் கடைக் கழிவு ஆயிலைத் தடவச் சொன்னார். அது நாய்க்கு விஷம் என்று எங்கோ கேட்டிருந்ததால் தடவவில்லை. ஆனால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். அதற்கு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"இதுல நான் என்னத்தப் பாக்குறது? மஞ்சளையா, தோலையா? கழுவிட்டுக் கொண்டாங்க."

கழுவியபின் வயிறு இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. மெத்தைச் சாயம் ஒட்டியிருக்கிறது என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். டாக்டரம்மா கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்து, மெல்லத் திரும்பச் சிவந்தது. "சாயமா இருந்தா வெளுக்காது. இது தோலே செவந்திருக்கு" என்றார். பிறகு பிளேடால் லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூச்சி இல்லை, சொறி இல்லை, எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை என்றார். என்ன சாப்பிடுகிறது, எதில் படுக்கிறது, தரையை எதால் துடைக்கிறோம் என்று கேட்டார். "ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எதுன்னு தெரியாது."

அப்படியே செய்தேன். ஏழெட்டு வாரம் கோழிக்கறி இல்லை, ரொட்டித்துண்டு இல்லை, டாக்டரம்மா சொன்ன தீனி மட்டும். அரிப்பு நிற்கவில்லை. பினாயிலை நிறுத்தி வெறும் தண்ணீரில் தரையைத் துடைத்தேன். அதற்கும் நிற்கவில்லை. தினமும் முகமடிப்புகளையும் வாலடிக் குழியையும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். ஈரம் தங்கினால் அங்கே நாற்றம் எடுத்துப் புண்ணாகிவிடும். மடிப்புகள் சுத்தமாயின, வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் மெத்தையைப் பரணில் போட்டுவிட்டுப் பழைய வேட்டியை விரித்தேன். பத்து நாளில் வயிறு வெளுத்தது. நாய் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டது. முதலாளி டாக்டரம்மா சொன்ன தீனியைப் புகழ்ந்தார். நானும் திருத்தவில்லை.

பிறகு கடை விளம்பரத்துக்கு வீடியோ எடுக்க அவரே பரணிலிருந்து மெத்தையை இறக்கினார். எடுத்து முடித்தபின் அது அங்கேயே கிடந்தது. நான் சுருட்டி வைத்தால் மறுபடி விரித்துவிடுவார். நான்காம் நாள் வயிறு சிவந்தது. அன்றைக்குச் சென்னையிலிருந்து சேலை எடுக்க ஒரு கடைக்காரர் வந்திருந்தார். நாய் அவர் எதிரிலேயே வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு போனது.

"இன்னா மொதலாளி, வெளிநாட்டு நாய்க்கும் சொறி வருமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "சொறி இல்லீங்க சார். மெத்தைல இருக்கிற சாயம் ஒத்துக்கல. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

டாக்டரம்மா அப்படிச் சொல்லவே இல்லை. மெத்தையில் இருக்கும் வேறு எதுவாகவும் இருக்கலாம். சாயம் என்பது என் கணக்கு. பேச்சுக்குப் பலம் வேண்டும் என்று அவர் வாயில் போட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "நாய்த் தோலுக்கே ஆவல. கல்யாணப் பொண்ணு கட்டினா இன்னா ஆவும்?" பிரித்து வைத்திருந்த சேலைகளை மடிக்காமலே எழுந்து போனார்.

முதலாளி கத்தவில்லை. "இந்த ஊர்ல எத்தினி வூடு இந்தச் சாயத்த நம்பி சோறு துன்னுது, தெரியுமா உனுக்கு? ஒரு நாய்க்காகப் பேசிட்ட. ஜல்தியா துணிமணிய எடுத்துகினு கெளம்பு."

"நாயி, மொதலாளி?"

"அது எங்க படுக்கணும்னு எனக்குத் தெரியும்."

அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு பின்கதவு வழியாக வந்துவிட்டேன். நாயைத் தூக்கி வர முடியாது. மெத்தையைத் தூக்க முடிந்தது.

வழியில் ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. மெத்தையின் ஒரு முனையை வாய்க்காலில் நனைத்துப் பிழிந்தேன். சிவந்த தண்ணீர் வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. பார்க்க ஆள் இல்லை. மெத்தையை மோட்டார் ரூம் மேல் போட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறினேன்.

சாயந்திரம் சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டில் இருந்தபோது முதலாளியின் மனைவி போன் செய்தார்.

"தம்பி, மெத்தைய நீங்கதான் எடுத்துகினு போனீங்களா?"

"ஆமாங்கம்மா."

"ஸ்டேசனுக்குப் போறேன்னு குதிச்சாரு. நான்தான் ஒக்கார வெச்சேன். போனா போவுது, டெய்லர வரச் சொல்லியாச்சு. ராத்திரிக்குள்ள வேற தெச்சிடுவாரு."

"அதே நூலாம்மா?"

"எங்க வூட்ல வேற எந்த நூலு இருக்குது?"

நான் எடுத்துக்கொண்டு வந்ததில் ஒரு பயனும் இல்லை. "அப்ப அதுக்கு மேல ஒரு உறை போடுங்கம்மா. பழைய வேட்டிய சோப்பு போக அலசி, ரெண்டு மடிப்பாத் தைங்க. ஆளு வந்தா கழட்டிக்குங்க, போனதும் மாட்டிடுங்க."

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

தோன்றவில்லை. மெத்தை தப்பு என்று நிரூபிப்பதிலேயே இருந்துவிட்டேன்.

"மூஞ்சி மடிப்ப யாரு துடைக்கிறது? என்னாண்ட நிக்க மாட்டேங்குதே."

"தாடைய இடது கைல தாங்கிக்குங்க. பேசிகினே துடைங்க, நிக்கும். காலைல வயித்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா."

மறுநாள் காலை மல்லாட்டை மண்டி ஒன்றில் வேர்க்கடலை மூட்டை தூக்க ஆள் கேட்டார்கள், சேர்ந்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது போன் அடித்தது. படத்தில் நாய் வேட்டி உறைமேல் குப்புறப் படுத்திருந்தது. வயிறு தெரியவில்லை. 'புரட்டிப் போட்டு எடுங்க' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்திக்கொண்டிருந்தேன்.

"போன அப்புறம் நோண்டலாம், லாரி நிக்குதுய்யா" என்றார் மேஸ்திரி.

பாதியில் இருந்ததை அப்படியே அனுப்பிவிட்டு, முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.