தறிச் சத்தத்தில் முடியும் பாடங்கள்

நான் தலைவராக இருந்த குழுக்களிலேயே மிகச் சின்னதும், அதிகமாகச் சண்டை போட்டதும் மென்பொருள் தேர்வுக் குழுதான். மொத்தம் ஐந்து பேர். எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பாடங்களை எந்த மென்பொருளில் தயாரிப்பது என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும். ஆத்தரிங் டூல் என்பார்கள். எழுத்து, படம், குரல், கேள்வி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பாடமாகக் கட்டித் தருகிற கருவி அது. நாங்கள் வருடக்கணக்காகப் பயன்படுத்திய பழைய கருவியை அதைச் செய்த கம்பெனியே கைவிட்டுவிட்டது. கல்வியாண்டு தொடங்குவதற்குள் வேறொன்றைப் பிடித்தாக வேண்டும்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு கருவிகள் வந்தன. முதலாவதைப் பார்த்த அன்றே நான் மயங்கிவிட்டேன். நான் புள்ளியியல் ஆசிரியை. மணி வடிவ வளைவைக் கரும்பலகையில் கோணல்மாணலாக வரைந்து, பின்வரிசையில் சிரிப்பு வாங்கியே தலை நரைத்தவள். அந்தக் கருவியில் புள்ளிகளை விரலால் இழுத்தால் வளைவு தானே நெளிந்து உட்கார்ந்தது. மாணவர் தப்பாகப் பதில் சொன்னால் ஒரு பொம்மைப் பெண் வந்து ஆறுதல் சொன்னாள். இரண்டாவது கருவி பரம சாது. பக்கம், படம், குரல், கேள்வி, அவ்வளவுதான். ஆனால் அதில் செய்த பாடத்தை மொத்தமாகப் போனில் இறக்கிக்கொண்டால் பிறகு நெட் இல்லாமலே ஓடும். எங்கள் பழைய குரல் பதிவுகளையும் அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். முதலாவது இந்த இரண்டையும் செய்யாது.

சாதுவுக்காகக் கொடி பிடித்தவர் எங்கள் ஒலிப்பதிவு அறையின் பொறுப்பாளர். திருச்செங்கோட்டுக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எதையும் உரக்கச் சொல்ல மாட்டார், சொன்னதை மாற்றவும் மாட்டார். எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவருக்கு அர்ச்சனை நிச்சயம். பல வருடமாக அதை அதிகம் வாங்கியவர் அவர்தான்.

"உங்களுக்குப் பழைய பதிவு மேல பாசம், அதுக்காக மாணவர்கள் தலையில இந்த மொட்டைப் பக்கங்களைக் கட்டலாமா சார்?" என்று கூட்டத்திலேயே கேட்டேன்.

"பாசந்தானுங்க மேடம். இல்லீன்னு சொன்னனுங்களா?" என்றார்.

அந்தப் பாசத்துக்குக் காரணம் இருந்தது, எனக்கும் அது தெரியும். மணிக்கொரு தரம் கரண்ட் போன காலத்தில் பதிவு செய்த பாடங்கள் அவை. எங்கள் மையத்தின் பின்சுவரை ஒட்டி விசைத்தறிக் கூடங்கள். ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, மேசைக்கு அடியில் உட்கார்ந்துகூடப் பேசிப் பார்த்தேன். தறிச் சத்தம் என் குரலை விழுங்கியது. கடைசியில் அவர்தான் வழி கண்டுபிடித்தார். கரண்ட் போனால் தறிகள் நிற்கும், லேப்டாப் பேட்டரியில் ஓடும். ஊரே கரண்ட்டைத் திட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்துக்காக நாங்கள் இரண்டு பேர் மட்டும் காத்துக் கிடந்தோம். விளக்கு அணைந்ததும், "போயிருச்சுங்க மேடம், வாங்க வாங்க!" என்று அவர் குரல் வராந்தாவில் கேட்கும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். மின்விசிறி இல்லாமல், வியர்வை வழிய, திட்ட விலக்கத்தைப் பற்றிப் பேசுவேன். அவர் விரல்களைக் காட்டி மிச்சமிருக்கும் நிமிடங்களைச் சொல்வார். நான் எப்போதும் ஒரு நிமிடம் அதிகமாகப் பேசிவிடுவேன். அதற்குள் கரண்ட் வந்து, ஒரு தறி எழும், பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். என்னுடைய எல்லாப் பாடங்களும் அப்படித்தான் முடிந்தன. என் வேலைக்காலத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை. அன்றைக்கு அது தெரியவில்லை, எரிச்சல்தான் பட்டேன்.

இந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு போன் வந்தது. பேசியவர் எங்கள் பி.காம். மாணவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பத்து மாதம் வட மாநிலங்களில், ஏதாவது ஒரு காட்டோரத்தில்தான் இருப்பார். அவருக்குப் பாக்கி இருந்தது புள்ளியியல் ஒன்றுதான். ஊருக்கு வர முடியாமல் இரண்டு தடவை பரீட்சையைத் தவறவிட்டவர். படிப்பை முடிக்கக் கொடுத்த கால அவகாசமும் அந்த வருடத்தோடு தீர்கிறது. முடித்தால், ரிக் ஓனரின் திருச்செங்கோட்டு ஆபீசிலேயே அவருக்கு வேலை. மகள் பள்ளிக்குப் போவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

"ஏனுங்க மேடம், பாடத்தையெல்லாம் புதுசா மாத்தறீங்களாமா? எனக்கு இங்க ஓடுமுங்களா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. புதிய பாடங்களைப் படித்து, உள்ளே இருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். நான் யோசிக்கவே இல்லை. "ஓடும்ப்பா, கவலைப்படாத" என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் இழுபறி நீண்டது. நான் ஆத்தூர்க்காரி, அப்பா ஜவ்வரிசி வியாபாரி. எங்கள் பக்கம் மூட்டையின் மேல் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து வாங்க மாட்டார்கள். தட்டில் மாதிரியைக் கொட்டி, உள்ளங்கையில் உருட்டி, இரண்டு மணியை வாயில் போட்டுப் பார்ப்பார்கள். அதையே செய்வோம் என்றேன். ஒரே பாடத்தை இரண்டு கருவியிலும் செய்து, பெயரை எடுத்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் போட்டு மாணவர்களிடம் கொடுத்தோம். எங்கள் கணினிக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் முதலாவதற்கே கை தூக்கினார்கள். பொம்மைப் பெண்ணைக் கண்டு கைகூடத் தட்டினார்கள். நான் வெற்றிப் புன்னகையோடு ஒலிப்பதிவுப் பொறுப்பாளரைப் பார்த்தேன்.

அவர் நோட்டை மூடினார். "மேடம், ஆத்துக்குள்ளாறயே போர் போட்டுப் பாத்துட்டு தண்ணி வருதுங்கறோம்" என்றார். "இந்த ரூம்ல நெட்டு ஓடுற ஓட்டத்துக்கு எதுதானுங்க ஓடாது? உங்களுக்குப் போன் போட்டாருன்னீங்களே, அந்த டிரில்லருக்கு அனுப்புங்க. அவரு பாக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. மாதிரியை ஒழுங்காகத்தான் தட்டில் கொட்டினேன். வாங்கப்போகிறவரை விட்டுவிட்டு, கடைக்காரர் வீட்டு ஆட்களையே கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதை உடனே ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. "சரி, அனுப்புறேன். அவரும் முதலாவதைத்தான் சொல்லப்போறார்" என்றேன்.

இரண்டையும் அனுப்பினேன். நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் காலை, கையெழுத்துக்காகத் தீர்மானத்தை மேசையில் விரித்து வைத்திருந்தபோது குரல் செய்தி வந்தது. ஐந்து பேருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"மேடம், வணக்கங்க. ஒண்ணாம் நம்பரு வட்டமா சுத்திக்கிட்டே இருக்குதுங்க. வண்டி மேல ஏறி நின்னும் பாத்துட்டனுங்க, தொறக்கல. ரெண்டாம் நம்பரு டவுனுக்கு டீசல் வாங்கப் போனப்ப இறக்கிட்டனுங்க, இங்க நல்லா ஓடுது. கேள்வியெல்லாம் முடிச்சுட்டேன். ஆனா ஒண்ணு கேக்கோணுமுங்க. பழைய பாடம் முடியறப்ப தறி ஓடற சத்தம் வருமுங்களே, இதுல அத வெட்டிப்போட்டீங்களா? பாடம் வெளங்குதோ இல்லியோ, அந்தச் சத்தத்துக்காவே நான் கடைசி வரைக்கும் ஓட உடுவனுங்க. எங்கூட்டுக்குப் பின்னாடியும் தறிதானுங்க. அதக் கேட்டுட்டுப் படுத்தா ஊட்டுல படுத்த மாதிரி இருக்குமுங்க."

என் கண் கலங்கியது, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அந்த மனிதரிடம் ஓடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஓடாத ஒன்றில் கையெழுத்துப் போட இருந்தேன். நாற்பது கைகளைக் காட்டி அதை நியாயப்படுத்தியும் இருப்பேன். தீர்மானத்தில் இருந்த எண்ணை அடித்து, பக்கத்தில் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒலிப்பதிவுப் பொறுப்பாளர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

அடுத்த இரண்டு மாதம் நானும் அவரும் மறுபடி அந்த அறையில் உட்கார்ந்தோம். மாறாத பகுதிகளுக்குப் பழைய குரல், மாறிய பகுதிகளுக்குப் புதிய குரல். புதிய கருவியில் எழுத்துகளின் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் போய் நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக இழுத்து உட்கார வைத்தோம். ஒவ்வொரு பதிவை உள்ளே ஏற்றும்போதும், பின்னணி இரைச்சலை நீக்கவா என்று கருவி கேட்டது. மாதிரிப் பாடத்தில் நீக்கச் சொன்னவள் நானே. இப்போது அவர் மவுசைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் சார், இருக்கட்டும்" என்றேன்.

"ஆத்தூர்க்காரங்க வாயில இருந்து இந்த வார்த்தைய வாங்கறதுக்கு இத்தன வருசமாச்சுங்க" என்றார். அன்று அர்ச்சனை வாங்கிக்கொண்டது நான்.

அவர் போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது மையத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானே எழுந்துகொள்கிறது. ஒலிப்பதிவு அறைக்குள் வெளிச் சத்தம் எதுவும் நுழையாது. விளக்கு ஒரு கணம் மினுங்கினாலும் என் காது வராந்தாவைத்தான் தேடுகிறது. அந்தக் குரல் இல்லாமல் எனக்கு அங்கே வேலை ஓடுவதில்லை.

சென்ற மாதம் டிரில்லர் வந்தார், பட்டச் சான்றிதழ் வாங்க. சட்டையை இஸ்திரி போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆபீஸ் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், திடீரென்று குற்றம் செய்தவர் மாதிரி தயங்கினார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. உங்க பாடத்தையெல்லாம் போன்ல இருந்து அழிச்சுப்போட்டனுங்க."

எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. அதற்காக இரண்டு மாதம் எத்தனை கொம்புகளை இழுத்து உட்கார வைத்திருப்பேன்! "ஏன்ப்பா?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

அவர் மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இப்பத்தான் ஊட்டுல படுத்தாவே கேக்குதுங்களே."