வாளியை வைத்துவிட்டுப் பார்

டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வரிசையாக ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குளியலறை. மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் பக்கத்தில் தகரக் கூரையோடு நிற்கிற அந்த அறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. வாசலில் ஒரு தட்டைக்கல் கிடக்கிறது. அதன் மேல் யாருடைய வாளி இருக்கிறதோ, அறை அவருடையது. குளித்து முடித்து அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை வேறு யாரும் நுழைய மாட்டார்கள். உள்ளே தொட்டி நிறையத் தண்ணீர் இருப்பதால் வாளி குளிப்பதற்கல்ல, இடம் பிடிப்பதற்கு மட்டும்தான். அடுத்தவர் வாளியைத் தொடுவது எங்கள் லயத்தில் கைநீட்டி அடிப்பதற்குச் சமம்.

கொழும்பில் இரண்டு வருடம் விடுதியில் இருந்துவிட்டு, மடிக்கணினியோடு நான் திரும்பி வந்திருந்தேன். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். நான் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் மேசை போட்டுக் கம்பனி வேலை செய்வேன். சின்னக் கணினிகளுக்கான இயங்குதளம் ஒன்றை எங்கள் கம்பனி பராமரிக்கிறது. வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, குழுத் தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு கோளாறைப் பெயர் குறிப்பிட்டு, இரண்டு வாரத்தில் அதைத் தீர்த்தால் நான் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், இல்லாவிட்டால் அடுத்த மாதம் முதல் கொழும்பு அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அம்மாவைத் தனியே விட்டுப் போக மனமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை, எனக்குக் கொழும்பு பிடிக்காது. இங்கே வந்த பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

கோளாறு இதுதான். ஒரு பென் டிரைவைச் செருகினால், அதில் இருக்கிற கோப்புகளைக் கணினியில் ஓர் இடத்தோடு இணைக்க வேண்டும். மவுண்ட் செய்வது என்பார்கள். இணைப்பதற்கு முன்னால், வேறு யாரும் ஏற்கெனவே இணைத்துவிட்டார்களா என்று நிரல் பார்க்கும். இல்லையென்றால் இணைக்கும். ஆனால் எப்போதாவது ஒருமுறை, இரண்டு நிரல்கள் ஒரே பென் டிரைவை இணைத்துவிட்டு, இரண்டும் தானே சொந்தக்காரன் என்று எழுதித் தள்ளி, கோப்புகளை நாசமாக்கிக்கொண்டிருந்தன. இந்த வகைக் கோளாறுக்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து வரும், போகும்.

கொழும்பில் இருந்த புதுக் கணினிகளில் அது மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். என்னுடைய கிழட்டு மடிக்கணினியில் தினமும் வந்தது. சரி, பிடித்துவிடலாம் என்று, என்ன நடக்கிறதென்று எழுதிக் காட்டும்படி நிரலில் நாலு வரி சேர்த்தேன். உடனே அது ஒழுக்கமான பிள்ளையாகிவிட்டது. வரிகளை எடுத்தேன், மறுபடி சேட்டை. ஒரு வாரம் இப்படியே என்னோடு கண்ணாமூச்சி ஆடியது. கணினியைப் பார்த்து நான் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அப்படியொரு நாளில்தான் பக்கத்து வீட்டு அக்காவோடு சண்டை வந்தது. அக்காவும் கொழுந்து பறிக்கிறவர். நாலரைக்கு மலையிலிருந்து இறங்கி, குளிர் ஏறுவதற்குள் குளித்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் ரொட்டி சுட வேண்டும். அன்றைக்கு நான் இஸ்தோப்பிலிருந்து பார்த்தேன். கல் காலி. சரியென்று அடுப்படிக்குப் போய், சுடுதண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு, வாளியையும் எடுத்துக்கொண்டு மேல்பக்கமாக வந்தேன். அக்கா கீழ்ப்பக்கமாக அதே மாதிரி வந்தார். இரண்டு வாளியும் ஒரே நேரத்தில் கல்லின் மேல் இறங்கின.

"நான் பாத்தப்ப கல்லு காலியா இருந்துச்சு" என்றேன்.

"நானுந்தான்டி பாத்தேன். எனக்கும் காலியாத்தான் இருந்துச்சு. பகலெல்லாம் வீட்டுல இருக்கிறவளுக்கு நாங்க எறங்குற நேரந்தான் குளிக்கத் தோணுமா?"

"பகல்ல நானும் வேலதான் செய்யிறேன். வாளிய மொதல்ல வச்சிட்டு அப்புறம் போயி சுடுதண்ணி தூக்கணும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அந்த நாயத்த நீ பாத்தியா?"

நான் கல்லையும் இரண்டு வாளியையும் மாறி மாறிப் பார்த்தேன். கல்லைப் பார்ப்பது ஓர் இடத்தில், வாளியை வைப்பது வேறோர் இடத்தில், நடுவில் அடுப்படிக்குப் போய்வருகிற நேரம். என் நிரலிலும் வாளி இருந்தது. அங்கே அதற்கு லொக், அதாவது பூட்டு, என்று பெயர். ஆனால் அதுவும் என்னைப் போலவே முதலில் பார்த்துவிட்டு, ஆடி அசைந்து போய், பிறகுதான் லொக்கைப் போட்டது. புதுக் கணினியில் அடுப்படிக்குப் போய்வரக் கண்ணிமைக்கும் நேரம் போதும். என் கிழட்டுக் கணினிக்கு அது நீண்ட நடை. அதனால்தான் எனக்கு மட்டும் தினமும் மோதல்.

"நீங்க குளிங்கக்கா" என்று பானையையும் அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். என் சுடுதண்ணீரிலும் சேர்த்து அக்கா ஆனந்தமாகக் குளித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

திருத்தம் சின்னதுதான். முதலில் லொக், அதற்குப் பிறகு பார்வை. இரண்டு நாள் விடாமல் சோதித்தேன், ஒரு கோப்புகூடக் கெடவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் கொழும்புக்கு அனுப்பி வைத்தேன். மறுநாள் குழுத் தலைவரின் பதில் வந்தது. "முன்பு கோப்புதான் கெட்டது. இப்போது கணினி முழுவதும் அப்படியே நின்றுவிடுகிறது. இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாமா?" வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூட்டம், அன்றோடு என் இரண்டு வாரமும் முடிகிறது என்றும் அதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போகிற உயிர் குளித்துவிட்டுப் போகட்டும் என்று நாலரைக்கே போய் என் சிவப்பு வாளியைக் கல்லின் மேல் வைத்தேன். பார்த்துவிட்டு அல்ல, வைத்துவிட்டுப் பார்த்தேன். அதற்குள் கைப்பேசி அடித்தது. குழுத் தலைவர் சேருக்கு வேறு வேலை வந்துவிட்டதாம், கூட்டம் இப்போதே. விழுந்தடித்து ஓடி வந்து திரையின் முன்னால் உட்கார்ந்தேன்.

திரையில் ஐந்து முகம். அரை மணி நேரமாக நான் எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சுச் சத்தம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் அக்கா தலையில் துண்டோடு இஸ்தோப்புக்கே வந்துவிட்டார்.

"அடியேய், குளிக்கிறவ குளி, இல்லேனா வாளிய எடு! அஞ்சு வீட்டு ஆளும் அங்க வெறைச்சுப்போயி நிக்கிறாங்க!"

ஐந்து முகமும் நிமிர்ந்தன. "என்ன சத்தம் அது?" என்றார் சேர்.

நான் மைக்கை மூட மறந்து, "அக்கா, நீங்களே எடுத்து ஓரமா வச்சிட்டுக் குளிங்களேன்" என்றேன்.

"ஒன் வாளிய நான் தொடுறதா? நல்லாருக்கே கத! வச்சவ நீ, நீதான் எடுக்கணும். குளிச்சாலும் எடுக்கணும், குளிக்காட்டியும் எடுக்கணும்."

குளிக்காவிட்டாலும் எடுக்க வேண்டும். நான் எழுந்து ஓடினேன். கல்லைச் சுற்றி அஞ்சு வாளி, பின்னாலேயே வந்த அக்காவோடு அஞ்சு பேர், அறை காலி. யாரும் உள்ளே போகவில்லை, என் வாளியை ஓர் அங்குலம் நகர்த்தவுமில்லை. எல்லோரையும் கும்பிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு, அதோடேயே திரையின் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

"சேர், நீங்க சோதிச்ச பென் டிரைவுல பழுதானது ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்டு இருந்தது. ஏன்?"

நான் நல்ல பென் டிரைவுகளில் மட்டும் சோதித்திருந்தேன். பழுதானதைச் செருகினால் இணைப்பு நடக்காமல் நிரல் பாதியில் திரும்பிவிடும். திரும்பும்போது லொக்கை எடுக்க நான் எழுதவில்லை. மற்ற நிரலெல்லாம் மரியாதையாகக் காத்து நிற்க, கணினியே நின்றுவிட்டது. வாளியைத் தூக்கிக் காட்டி இதை விளக்கினேன். திரையில் யாரோ சிரிக்க, சேரும் சிரித்துவிட்டார். லொக்கை எடுக்கிற ஒரு வரியை அங்கேயே சேர்த்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை மதியம் மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. எல்லாச் சோதனையும் சரி. நான் இங்கேயே இருக்கலாம். மலையிலிருந்த அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அம்மாவிடம் சொன்னால் அந்த மலை முழுவதற்கும் சொன்ன மாதிரி.

மாலை வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, இஸ்தோப்பில் கவிழ்த்து வைத்திருந்த என் வாளியைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தேன். கல்லின் மேல் என்னுடைய சிவப்பு வாளி இருந்தது. அதற்குப் பின்னால், தரையில்தான் அக்காவின் நீல வாளி. அக்கா கொழுந்துக் கூடையைக்கூட இன்னும் வீட்டில் வைக்காமல் அதன் பக்கத்தில் நின்றார்.

"இத யாருக்கா இங்க வச்சது?" என்றேன்.

"யாரு வச்சாங்களோ, எனக்கென்ன தெரியும்" என்று பீலிப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சுருக்கா குளிச்சிட்டு வா. வெளிய வரும்போது வாளிய எடுத்துக்க."