செவிப்பறை உடையாதவர்கள் மட்டும்

1. முதல் ஆள்

முதல் நாள் வந்த முதல் ஆளையே திருப்பி அனுப்பினோம். அவர் பெயர் முனியசாமி. தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் சங்கு குளிக்கிறவர். தலை சீவி, பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக, சோதனை நடந்த பள்ளிக்கூட வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆய்வுக் குழுவின் டாக்டர் அவர் காதில் லைட்டை வைத்து எட்டிப் பார்த்தார். "பெர்ஃபொரேஷன். எக்ஸ்க்ளூட்" என்றார். அவ்வளவுதான். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, இந்த ஆள் ஆய்வுக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

இது நடந்தது எண்பதுகளின் கடைசியில். நான் அப்போது ஆடியோமெட்ரி டெக்னீஷியன். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, மிஷினில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, ஒருவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று வரைபடம் போடுகிற வேலை. சொந்த ஊர் கடலாடிப் பக்கம். வீட்டில் எல்லோரும் மிளகாயும் நெல்லும் போடுகிற சம்சாரிகள். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் குழு, சங்கு குளிக்கிறவர்களின் கேள்வித்திறனை ஆராயப் போகிறோம் என்று என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது.

அதற்கு முன்பே ஊர்க் கூட்டம் போட்டார்கள். டாக்டர்தான் பேசினார். "நீங்க கோஆபரேட் பண்ணுங்க. பாதிப்பு இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா, இந்தப் பக்கத்துக்கு வாரம் ஒருநாள் காது டாக்டர் வர்றதுக்கு நானே பேசி ஏற்பாடு பண்றேன்" என்றார். டெஸ்டுக்கு முன்னால் காதுக்கு ஓய்வு வேண்டும், யாரும் கடலில் முங்கக் கூடாது என்றும் சொன்னார். காற்று அடங்கித் தண்ணீர் தெளிந்திருந்த நாட்கள் அவை. சங்கு குளிக்கிறவர்கள் வருஷம் முழுக்கக் காத்திருப்பதே அந்த நாட்களுக்காகத்தான். வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிட்டு, எங்களுக்காக அந்த ஊரே சும்மா உட்கார்ந்திருந்தது.

2. மிட்டாய் கொடுத்த கதை

முனியசாமி வீட்டுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியிலேயே இருந்தார். மத்தியானம் டாக்டரும் மற்றவர்களும் சாப்பிட ஜீப்பில் கிளம்பியதும் என்னிடம் வந்தார். கூடவே அவர் மனைவி காளியம்மாள்.

"நர்ஸம்மா, வந்தது வந்துட்டேன். அந்த மிஷினை ஒருதடவ வச்சுப் பாருங்க" என்றார். நான் நர்ஸ் இல்லை என்று அந்த ஊரில் யாரிடமும் என்னால் நிரூபிக்க முடிந்ததில்லை.

"காது எப்ப உடைஞ்சது?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. காளியம்மாள் அவருடைய இடது காதருகே குனிந்து கத்திச் சொன்னார்.

"அதுவா? மீசை முளைக்கிறதுக்கு முந்தியே உடைஞ்சிருச்சு" என்றார், பெருமையாக. "உடையிற வரைக்கும் உசிரு போற வலி. ஆழத்துக்குப் போகவே முடியாது. உடைஞ்சு ரத்தம் வந்துருச்சுன்னா அப்புறம் எம்புட்டு ஆழமும் போகலாம். எங்க அய்யா அன்னைக்கு ஊருக்கே மிட்டாய் வாங்கிக் குடுத்தாரு. காது உடைஞ்சாத்தான் எங்கள்ல முழுக் குளியாளுன்னு ஒத்துக்கிருவாக."

எதை வைத்து அந்த ஊர் ஒருவனைக் குளியாள் என்று ஏற்றுக்கொள்கிறதோ, அதே காரணத்துக்காக நாங்கள் அவனை வெளியே நிறுத்திக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து நாங்கள் உள்ளே விட்டதெல்லாம் வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர்களையும், இன்னும் ஆழம் பார்க்காத இளவட்டங்களையும்தான்.

அவரை உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டினேன். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். மெல்லிய சத்தத்துக்கே டக்கென்று தூக்கினார். எனக்குச் சந்தேகம் வந்தது. மனுஷர் என் முழங்கை அசைவதைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார். கண்ணால் பிழைப்பை ஓட்டிப் பழகிவிட்டவர். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். அதற்குப் பிறகு விரல் எழவே இல்லை. பக்கத்தில் நின்று கத்துகிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டிய பின்தான் இடது காதுக்கு எழுந்தது. வலது காதுக்கு அதுவும் போதவில்லை.

"கேக்கலேன்னா வீட்டுல ஒரு குறையும் இல்லம்மா, நான் கத்திக்கிறேன்" என்றார் காளியம்மாள். "கடல்லதான் பயமா இருக்கு. போன மாசம் முங்கி எந்திரிக்கிறாக, மேல விசைப்படகு வருது. இவுகளுக்கு இஞ்சின் சத்தம் தெரியல. என் தம்பி முடியப் பிடிச்சு வள்ளத்துல இழுத்துப் போட்டான். இல்லேன்னா புரொப்பல்லர் தலையை அரிஞ்சிருக்கும். ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறி எத்தன தடவ போக முடியும்? டாக்டரு இங்கன வந்தாருன்னா காதுல வடியிற சீழையாவது நிப்பாட்டிக்கிறலாம்."

டாக்டர் திரும்பி வந்ததும் முனியசாமியின் வரைபடத்தை நீட்டினேன். காளியம்மாள் சொன்னதையும் சொன்னேன். "எக்ஸ்க்ளூட் பண்ணின கேஸை ஏன் டெஸ்ட் பண்ணீங்க? டைம் வேஸ்ட்" என்று அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அது அந்தப் பையைவிட்டு வெளியே வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

3. ரிப்போர்ட்

மறுவருஷம் ரிப்போர்ட் வந்தது. வழவழப்பான அட்டை, அட்டையில் சூரிய உதயத்தில் ஒரு படகு. சங்கு குளிப்பவர்களின் கேள்வித்திறன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது என்பது முடிவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் ராமநாதபுரம் வந்திருந்தபோது நேரில் போய்க் கேட்டேன். "சார், குளிக்கிறவங்க காது நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. குளிக்கிறவங்களை நாம உள்ளேயே விடலையே?"

"தனலட்சுமி, நாம பார்த்தது உள்காது. செவிப்பறை ஓட்டை வேற டாபிக். அதைச் சேர்த்தா டேட்டா கெட்டுப் போயிடும்."

"அப்ப அவங்களை விட்டுட்டோம்னாவது எழுதியிருக்கலாம்ல சார்?"

"ஏன், மெத்தட்ஸ்ல ஒரு வரி இருக்கே."

இருந்தது. ஆய்வு நடத்திய முறையைச் சொல்கிற, யாரும் படிக்காத பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. "படிக்கிறவங்க முடிவைத்தான சார் படிப்பாங்க?" என்றேன். "அது என் பிராப்ளம் இல்லை" என்று வாட்சைப் பார்த்தார்.

அந்த ஆளுக்கு அது பிராப்ளம் இல்லைதான். அவர் ரிப்போர்ட்டோடு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். ஊருக்கு டாக்டர் கேட்டு நான் மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். ஒரு அதிகாரி அதே வழவழப்பு அட்டையை எடுத்து என் முன்னால் போட்டார். "அவங்களுக்குக் காது நல்லாருக்குன்னு ரிப்போர்ட்டே வந்திருக்கும்மா. அங்க எதுக்கு டாக்டர்?" என்றார். ஆய்வே நடக்காமல் இருந்திருந்தால்கூட அந்த மனுவுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். நன்றாக இருக்கிறது என்று அச்சடித்து, இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் அடைத்துவிட்டார்கள். அதற்கு அந்த ஊர்க்காரர்களே வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து உதவி செய்திருக்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஓர் ஆய்வைக் கையில் எடுத்தால், எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று அப்புறம் பாருங்கள். யாரை வாசலோடு அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் ஒப்பந்தக் கூலியாக இருந்தாலும் கேளுங்கள். கேட்டால் வேலை போகும் என்பார்கள். எனக்குப் போனது. வேறு வேலை கிடைத்தது.

4. சேதி சொல்லப் போனது

முடிவு என்ன ஆனாலும் நானே வந்து சொல்கிறேன் என்று காளியம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு சாயங்காலம் போனேன். வள்ளங்கள் கரைக்கு வந்திருந்தன. ஆட்கள் சங்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முனியசாமி வலது காதில் பஞ்சு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார். காளியம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க எல்லாருக்கும் காது நல்லாருக்குன்னு எழுதிட்டாக" என்றேன். அவர் என் வாயையே பார்த்தார்.

இடது பக்கம் போய் நின்று மறுபடி சொன்னேன். "என்னம்மா?" என்றார். காதோடு வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "உங்களுக்குக் காது நல்லாக் கேக்குதாம் முனியசாமி." வள்ளத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

இந்த முறை அவருக்குக் கேட்டது. எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"சரிம்மா, அவுக எழுதுறத எழுதட்டும். டாக்டரு எப்ப வாராரு?"

வரமாட்டார் என்பதையும் நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.